முன்மாதிரி வேர்

இந்த உலகத்தை வாழவைத்துக்கொண்டிருப்பது மன்னர்களும் இல்லை, மந்திரிகளும் இல்லை, மகான்களும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மண் நுண்ணுயிர்கள்தான். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜனாக இருந்தும், அதில் ஒரு சிட்டிகையைக்கூட எடுத்துத் தின்னத் தெரியாமல் செடியும் மாடும் மனிதனும் வாய் பார்த்துக்கொண்டு நின்றபோது, அதை மண்ணுக்குள் இறக்கி வேருக்கு ஊட்டியவை அவை. அவை இல்லையென்றால் பருப்பு இல்லை, பால் இல்லை, இந்தக் கதையைப் படிக்க ஆளும் இல்லை.

அப்பேர்ப்பட்ட நுண்ணுயிர்களில் இருபதாயிரம் கோடி, மே மாதம் ஆறாம் தேதி காலை பத்தேகாலுக்கு, ஒரகடத்தில் கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் செய்கிற ஒரு தொழிற்சாலையின் இரண்டாம் நம்பர் கேட்டில் நிறுத்தப்பட்டன. கேட் பாஸ் இல்லை.

பத்துப் பாக்கெட்டுகளைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தவள் செந்தாமரை. விவசாயத்தில் டிப்ளமோ படித்தவள். ஏழு வருடமாக அந்தத் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் தோட்ட சூப்பர்வைசர். பையைத் திறந்து பார்த்தவர் செக்யூரிட்டி அதிகாரி ஜெபதாஸ்.

"இன்னாம்மா இது, கரித்தூளா?"

"ரைசோபியம் சார். பாக்டீரியா. விதையில கலக்கறது."

ஜெபதாஸ் பையை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "உயிரோட கீதா?"

"உயிரோட இருந்தாதான் சார் வேலை செய்யும்."

"உயிரோட கீறதுக்கு சிஸ்டத்துல ஐட்டம் கோட் இல்லம்மா. பொருளுன்னா மெட்டீரியல் பாஸ். ஆளுன்னா விசிட்டர் பாஸ். இது ரெண்டுல எது?"

"ஒரு பாக்கெட்டுக்கு ரெண்டாயிரம் கோடி இருக்கு சார். மொத்தம் இருபதாயிரம் கோடி."

இருபதாயிரம் கோடி என்ற சொல் அந்தப் பக்கத்தில் முதலீட்டாளர்கள் வரும்போது மட்டும் காதில் விழுவது. அப்போதெல்லாம் கேட்டை அகலத் திறந்துவிட்டு சல்யூட் அடிப்பது ஜெபதாஸின் வழக்கம். இந்தத் தடவை அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அத்தினி பேருக்கு பாஸ் எழுத எனக்கு சர்வீஸ் பத்தாதும்மா. வெச்சிட்டுப் போ. கேட்டுச் சொல்றேன்."

கேட்டார். பாதுகாப்புத் துறை, இது தோலில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாள் வேண்டும் என்றது. கொள்முதல் துறை, விற்ற ஆள் பதிவு செய்த சப்ளையரா என்றது. தரக்கட்டுப்பாட்டுத் துறை, பத்துக்கு எத்தனை பாக்டீரியா குறையிருந்தால் திருப்பி அனுப்பலாம் என்றது. கத்திரி வெயில். செக்யூரிட்டி அறைக்குத் தகரக் கூரை. பாக்கெட்டின் பின்பக்கம் "வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று தமிழிலேயே அச்சிட்டிருந்தது. பதினோராம் நாள் பாஸ் கிடைத்தது. அதற்குள் அந்த இருபதாயிரம் கோடியும் பாஸ் தேவைப்படாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

இத்தனை பாடும் உயிர் மண் பூங்காவுக்காக. கேன்டீனுக்குப் பின்னால் இருபது சென்ட் இடம். ஒரு காலத்தில் நஞ்சை. இப்போது இரண்டடி தோண்டினால் கட்டட இடிபாடு. அங்கே ரசாயனம் இல்லாமல் காராமணி வளர்த்து, நைட்ரஜன் சுழற்சியை உலகத்துக்குக் காட்டுவது என்று பொது மேலாளர் நரசிம்மன் முடிவு செய்திருந்தார். மனிதவளம், நிர்வாகம், சமூகப் பொறுப்பு மூன்றும் அவர் கையில். கம்பெனிக் குழுமத்தில் உலகம் முழுக்க நடக்கும் பசுமைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது.

செந்தாமரையிடம் அவர் ஒரே ஒரு விஷயம் சொல்லியிருந்தார். "பரிசு வந்தா ஒரு போஸ்ட் சாங்ஷன் பண்றாங்க. உன்னைப் பெர்மனென்ட் ஆக்கிடறேன்."

அந்த வளாகத்தில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை, நிரந்தர ஆட்களுக்கு நீலச் சட்டை. சாம்பல் சட்டைக்கு ஒவ்வொரு மார்ச்சிலும் ஒப்பந்தம் முடியும்; புதுப்பித்தால்தான் வேலை. நீலச் சட்டைக்கு அந்த மார்ச் கிடையாது. ஏழு மார்ச்சுகளைப் பார்த்தவள் செந்தாமரை. வேறு எந்த ஆசையும் இல்லை அவளுக்கு; அந்த நீலம் வேண்டும்.

"சார், இந்தப் பாக்கெட் எல்லாம் செத்திருக்கும். புதுசு வாங்கணும்" என்று அவள் சொன்னபோது நரசிம்மன் நாட்காட்டியைப் பார்த்தார்.

"புதுசுக்குப் புதுசா பாஸ் எடுக்கணுமே. இதையே போடு. கண்ணுக்குத் தெரியாததுதானே."

போட்டாள். பன்னிரண்டு லோடு செம்மண் வந்து இறங்கியது. மண் எங்கிருந்து என்று கேட்டதற்கு, யாரோ மூடிவிட்ட காய்கறித் தோட்டம், அருமையான மண் என்று லாரிக்காரன் சொன்னான். அவ்வளவு அருமையான மண்ணில் ஏன் தோட்டத்தை மூடினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

காராமணி முளைத்தது. மூன்றாம் வாரம் மஞ்சள் அடித்தது. ஆசியப் பகுதித் தலைவர் ஜூலை எட்டாம் தேதி நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்ததும் நரசிம்மன் மஞ்சளைவிட அதிகமாக வெளுத்தார்.

"ரெண்டு மூட்டை யூரியா போடு. ஞாயித்துக்கிழமை போடு, ஆள் இருக்க மாட்டாங்க."

"சார், போர்டுல ரசாயனம் இல்லாத பூமின்னு எழுதியிருக்கு."

"போர்டுக்கா யூரியா போடச் சொன்னேன்? செடிக்குப் போடு."

"அதுக்கில்ல சார். வெளியில இருந்து நைட்ரஜன் கொடுத்துட்டா, வேர்ல பாக்டீரியாவைச் சேர்க்காது செடி. அதுக்குச் சர்க்கரை கொடுத்துத்தான் வேலை வாங்கணும். சும்மா கிடைக்கும்போது எதுக்குக் கொடுக்கப் போகுது? பாக்டீரியா தங்கற முடிச்சே வேர்ல வராது."

நரசிம்மன் யோசித்தார். "அதாவது, பெர்மனென்ட் ஆளே எடுக்காது. வெளியில இருந்து வாங்கிக்கும். கெட்டிக்காரச் செடி."

யூரியாவுக்கு ஐட்டம் கோட் இருந்தது. இருபது நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டது.

செடிகள் பத்தே நாளில் கரும்பச்சைக்கு மாறின. தலைவர் வரும் விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, களை எடுக்கும் கோவிந்தம்மா ஒரு செடியை வேரோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இந்தா தாமரெ, நீ கேட்டியே முடிச்சு. வந்துகீது பாரு."

செந்தாமரை ஆவலோடு வாங்கினாள். வேர் முழுக்கக் கணுக்கணுவாகப் புடைத்திருந்தது. ஒன்றை நகத்தால் உரசிப் பார்த்தாள். பாக்டீரியா முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், உரசினால் உதிரும், நசுக்கினால் உள்ளே ரத்தச் சிவப்பு. இது உதிரவில்லை. வேரே வீங்கியிருந்தது. கிள்ளினால் உள்ளே வெள்ளை. அதில் ஊசிமுனை அளவில் முத்து முத்தாக ஏதோ.

"அக்கா, இது..."

"தெரியும்" என்றாள் கோவிந்தம்மா. "கத்திரில வருமே, அந்தக் கட்டி. எங்க நாத்தனார் கொல்லையில வந்து மூணு வருசம் ஒரு காயி இல்ல. நீ படிச்சவ, இதுக்கு இன்னா பேரு?"

"வேர்முடிச்சு நூற்புழு."

"பேரு நல்லாத்தான் கீது."

புழு லாரி மண்ணோடு வந்திருக்கிறது. பத்துச் செடி பிடுங்கிப் பார்த்தாள். பத்திலும் கட்டி, ஒன்றிலும் பாக்டீரியா முடிச்சு இல்லை. பிடுங்கியதையெல்லாம் ஒரு சாக்கில் திணித்துக் கட்டினாள். விழா முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. இருபது சென்ட்தானே, சுற்றிலும் சிமென்ட். எங்கே போய்விடும் இந்தப் புழு?

ஜூலை எட்டாம் தேதி பந்தல், நாதஸ்வரம், இளநீர். ஆசியப் பகுதித் தலைவர் பூங்காவுக்குள் வருமுன் அவருடைய ஷூவுக்கு உறை மாட்டிவிட்டார்கள். மண்ணிடமிருந்து ஷூவைக் காப்பாற்றவா, ஷூவிடமிருந்து மண்ணையா என்று விளங்கவில்லை. நரசிம்மன் ஒலிபெருக்கியில் பேசினார். மண்ணுக்கடியில் மூன்று ஷிப்டும் ஓயாமல் வேலை நடக்கிறது என்றார். ஒரு கூட்டம் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கிறது; இன்னொரு கூட்டம் செத்த இலையையும் சாணத்தையும் அமோனியாவாக்குகிறது; அடுத்த கூட்டம் அதை நைட்ரேட்டாக்கி வேருக்குத் தருகிறது; மிச்சத்தைக் கடைசிக் கூட்டம் மறுபடி காற்றுக்கே அனுப்புகிறது. செந்தாமரை எழுதிக் கொடுத்தது. "இவ்வளவும் ஓவர்டைம் இல்லாமல், யூனியன் இல்லாமல்" என்பது மட்டும் அவர் சேர்த்தது. அதற்குத்தான் கைதட்டல் பலமாக இருந்தது.

தலைவர் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் முழுக்கக் கட்டி. பந்தலே "ஆ" என்றது. நரசிம்மனின் கண் கலங்கியது. இவ்வளவு முடிச்சை அவர் இணையத்தில்கூடப் பார்த்ததில்லை.

தலைவர் விமானத்தில் எதையோ படித்துவிட்டு வந்திருந்தார். அவர் சொன்னதை நரசிம்மன் செந்தாமரையிடம் தமிழில் சொன்னார்.

"உள்ள பிங்க்கா இருக்கணுமாமே? வெட்டிக் காட்டச் சொல்றார்."

யாரோ கேன்டீன் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். செந்தாமரை வெட்டினாள். வெள்ளை. மூன்று கேமரா அந்த வெள்ளையைப் பார்த்தன. தலைவர் புருவத்தை உயர்த்தினார். நரசிம்மன் அவளைப் பார்த்தார். அவருடைய நீலச் சட்டையின் பையில் கம்பெனிச் சின்னம் தங்க நூலில் தைத்திருந்தது.

"இது இளம் முடிச்சு சார்" என்றாள். "பிங்க் அடுத்த மாசம் வரும்."

அடுத்த மாதம் என்பது அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் பழகிய பதில். போனஸும் அடுத்த மாதம்தான், மழை ஒழுகாத பஸ்ஸும் அடுத்த மாதம்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவர் அவள் கையைக் குலுக்கினார்.

அந்த உற்சாகத்தில் நரசிம்மன் ஒலிபெருக்கியை மறுபடி பிடித்து, எழுதி வைக்காத ஒன்றைச் சொன்னார். "இந்த உயிர் மண்ணைச் சுற்றுவட்டாரத்தில் பயிர் வைக்கும் முந்நூறு குடும்பங்களுக்கு, ஆளுக்கு ஒரு கிலோ, பிரசாதமாகத் தருகிறோம்!"

செந்தாமரையின் கையில் கத்தி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக நரசிம்மனின் அறைக்குப் போனாள்.

"சார், அது பாக்டீரியா முடிச்சு இல்ல. நூற்புழு. அந்த மண்ணைக் கொடுத்தா ஊர் பூராவும் பரவிடும்."

நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றினார். "புழுன்னா, உயிருள்ளதா?"

"ஆமாம் சார்."

"எவ்வளவு இருக்கும்?"

"ஒரு கைப்பிடி மண்ணுல ஆயிரக்கணக்குல இருக்கும். சாதாரண நிலத்தைவிட நாப்பது மடங்குன்னு வையுங்க."

"நாப்பது மடங்கு." எழுதிக்கொண்டார்.

"சார், அது பயிரைக் கொல்றது."

"செந்தாமரை, நம்ம பூங்கா பேரு என்ன? உயிர் மண். நல்ல உயிர்னு எங்கயாவது போட்டிருக்கோமா?"

"சார், முந்நூறு குடும்பம்" என்றாள்.

"நேத்து பந்தல்ல இளம் முடிச்சுன்னு சொன்னது யாரு? நானா? தலைவர் அதை அப்படியே அவரோட இணையப் பக்கத்துல போட்டுட்டார். நாலாயிரம் லைக். இப்ப மாத்திச் சொன்னா யாரு பொய் சொன்னதா ஆகும்?" அவர் குரலில் கோபமே இல்லை. அக்கறைதான் இருந்தது. "உன் பேரைப் பெர்மனென்ட்டுக்கு அனுப்பி வெச்சிருக்கேன். நல்லா இரும்மா."

வெளியே வரும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். சாம்பல் சட்டைக்காரி எழுத்தில் எதையும் கொடுத்தால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். நீலச் சட்டைக்காரியை அப்படி அனுப்ப முடியாது; விசாரணை, விளக்கக் கடிதம் என்று ஆறு மாதமாவது ஆகும். ஆகவே முதலில் நிரந்தரம். மறுநாளே உண்மை. யோசிக்க யோசிக்க இது நேர்மையான திட்டமாகவே பட்டது. நேர்மைக்கும் ஒரு நியமனக் கடிதம் தேவைப்படும் இடம் அது.

ஆகஸ்டில் மண்ணைப் பாக்கெட் போட்டார்கள். கோவிந்தம்மா அள்ளிப் போட, செந்தாமரை எடை பார்த்தாள்.

"ஏன் தாமரெ, வியாதிய இப்படி மஞ்சப்பையில போட்டுக் குடுக்கறது நம்ப கம்பெனி மட்டுந்தானா, இல்ல எல்லாக் கம்பெனியுமா?"

"மெல்லப் பேசுக்கா."

"நான் மெல்லத்தான் பேசறேன். புழுவுக்குக் காது கேக்காது."

ஒவ்வொரு பைக்குள்ளும் வழவழப்பான நான்கு பக்க நோட்டீஸ் ஒன்று. முதல் பக்கத்தில் நரசிம்மன். மூன்றாம் பக்கத்தில் கட்டி கட்டியான வேரின் பெரிய படம். "உங்கள் வேரிலும் இப்படி முடிச்சு வந்தால் நைட்ரஜன் சேமிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்" என்ற வாசகம். பக்கத்தில் கத்தியோடு செந்தாமரை. கீழே: மண் வல்லுநர்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் பிள்ளைப்பாக்கத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். மதிற்சுவருக்கும் மதிற்சுவருக்கும் நடுவில் முப்பது சென்ட்டில் கத்தரி போடும் கன்னியப்பன் அங்கே இருந்தார். அந்தப் பக்கம் இன்னும் பயிர் வைத்து, கம்பெனி மண்ணும் வாங்கியவர்களில் ஒருவர். தூரத்திலிருந்தே அவளை அடையாளம் கண்டு கையை ஆட்டினார்.

"வாம்மா, வா வா. நீயே வந்துட்ட. இத்தப் பாரு." சரக்கென்று ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் பாசிமணி கோத்ததுபோல் இருந்தது. "எங்க அப்பன் காலத்துலகூட இப்படி வேர் பாத்ததில்ல. நோட்டீஸ்ல கீற மாதிரியே வந்துகீது!"

"அண்ணே, செடி வாடிக் கிடக்குதே, பாக்கலியா?"

"அது காத்து மாறினதால. நைட்ரஜன் உள்ள சேந்துகினு கீதுல்ல? அடுத்த மாசம் வேலயக் காட்டும்."

"இல்லண்ணே. கத்திரிக்கு அந்த முடிச்சு வரவே வராது. பயறு வகைக்குத்தான் வரும். இது புழு. வேரைத் தின்னுது. இதைப் பிடுங்கி எரிச்சுட்டு, இந்த இடத்துல கொஞ்ச நாள் சாமந்தி போடுங்க."

கன்னியப்பன் பம்ப்செட் அறைக்குள் போய் நோட்டீஸை எடுத்துவந்தார். நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். மூன்றாம் பக்கத்தைத் திருப்பி அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நீதான?"

"நான்தான்."

"இதுல நீ நல்லதுன்ற. இங்க கெட்டதுன்ற. ரெண்டுல எந்தச் செந்தாமரை சொல்றத நான் கேக்கறது?"

"நேர்ல வந்து சொல்றேன்ல அண்ணே."

"அதான் எனக்கு டவுட்டே. அச்சுல போட்டத கம்பெனி சொல்லுது. இல்லன்றத நீ ஞாயித்துக்கிழம தனியா வந்து சொல்ற." அவர் கண்களைச் சுருக்கினார். "மண்ண திருப்பிக் கேக்கறாங்களா? அதானே? மண்ணோட பவுரு தெரிஞ்சிப்போச்சு, இப்ப வாங்கிக்கினு போவ வந்துட்ட."

"ஐயோ, இல்லண்ணே."

"வாங்க முடியாதும்மா. எல்லாத்தயும் எறைச்சிட்டேன். என் மச்சான் இந்தச் செடிங்க நடுவுல இருந்து ரெண்டு கூடை மண்ணு வாரிக்கினு வடக்குப்பட்டுக்குப் போயிட்டான். அவன் மாமியார் வூட்டுக்கும் குடுத்தானாம்." நோட்டீஸை உறைக்குள் செருகினார். "நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. கம்பெனி சொல்லி அனுப்பிச்சா நீ இன்னா பண்ணுவ. டீ சாப்டுறியா?"

டீ சாப்பிட்டாள். கத்தரி இலைகள் பதினொரு மணி வெயிலுக்கே தொங்கிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் கடைசியில் போட்டி முடிவு வந்தது. முதல் பரிசு. நடுவர் குழு குறிப்பாகப் பாராட்டியிருந்த விஷயம்: மண்வாழ் உயிரினங்களின் எண்ணிக்கையில் நாற்பது மடங்கு உயர்வு. தலைவர் பிடுங்கிய அந்தச் செடியை மருந்தில் பதப்படுத்தி, கண்ணாடிப் பெட்டியில் போட்டு, வரவேற்பறையில் ஏ.சி.க்குக் கீழே வைத்தார்கள். "முன்மாதிரி வேர்" என்று பித்தளையில் எழுதியிருந்தது. வருகிற விருந்தாளிகள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நரசிம்மன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதில் குறை சொல்ல முடியாது. டிசம்பர் பதினைந்தாம் தேதி நியமன ஆணை தயாரானது. செந்தாமரை வீட்டில் ஒரு நோட்டில் இன்னொரு கடிதத்தை எழுதி வைத்திருந்தாள். நூற்புழு, லாரி மண், யூரியா, இளம் முடிச்சு என்று தன் வாயால் சொன்ன பொய், முந்நூறு வீடுகள், எந்தெந்த ஊர், உடனே செய்ய வேண்டியது என்ன, எல்லாம். தேதி மட்டும் போடவில்லை. நீலச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தாள். தையல்காரர் தோளை அளக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மிச்சம் இருந்தது மருத்துவப் பரிசோதனை. வெறும் சம்பிரதாயம் என்றார்கள். கண், காது, ரத்தம், எக்ஸ்ரே. கேன்டீன், தோட்டப் பிரிவு ஆட்களுக்கு மட்டும் கூடுதலாக மலப் பரிசோதனை. சின்ன டப்பா ஒன்றில் பெயரெழுதிக் கொடுத்தார்கள்.

இருபத்தேழாம் தேதி முடிவு வந்தது. தற்காலிகமாகத் தகுதி இல்லை, ஒரு மாத்திரை, ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் நிரப்பாத பணியிடங்கள் ரத்தாகிவிடும் என்பது குழுமத்தின் விதி. நரசிம்மன் நிஜமாகவே வருத்தப்பட்டார். மார்ச்சில் முடிகிற சாம்பல் சட்டை ஒப்பந்தத்தை மேலும் மூன்று மாதத்துக்கு ஜனவரியிலேயே புதுப்பித்துத் தந்தார். நோட்டில் இருந்த கடிதம் நோட்டிலேயே இருந்தது.

மருத்துவ அறிக்கையில் காரணம் என்ற கட்டத்துக்குள் டாக்டர் தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தார்: மண்வழித் தொற்று, வயிற்றில் கொக்கிப்புழு.